ஏலாமல் இருந்தவளும் ஏலாதவளும்

மகன்,

முந்தாநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீ கேட்டாய். "மாமாதான் எல்லார்ர முன்னாலயும் சொல்லிட்டாரே அம்மா, இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?" உன் சோற்றுக் கோப்பையில் இன்னொரு துண்டு மீனை வைத்துவிட்டு எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். அவரை நீ மாமா என்று சொன்னதை அன்றைக்குத்தான் முதன்முதல் கேட்டேன். சொல்லத்தான் வேண்டும், அவருடைய மகளைத்தானே கட்டப்போகிறாய். இருந்தாலும் என்னிடம் சொல்லும்போது கொஞ்சம் தயங்குவாய் என்று நினைத்திருந்தேன். தயங்கவில்லை. வாயால் பதில் சொன்னால் நீ நடுவில் மறிப்பாய், உன் அப்பா "விடுகா" என்பார், கதை பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். வந்தாறுமூலைக் கம்பஸுக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில் உனக்கு நேரம் இருக்கும். வாசி.

கலியாணம் முடிந்ததும் நம் பக்கத்து வழக்கப்படி நீ பெண் வீட்டுக்குப் போய்விடுவாய். களுவாஞ்சிக்குடியில் அவர் தன் மகளுக்கென்று கட்டின வீடு அது, அவருடைய வளவுக்குள்ளேயே, ஒரே வேலிக்குள் இருக்கிறது. காலையில் நீ பல் தீட்டும்போது அவர் முற்றத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பார். என் பிள்ளை அந்த மனிதரின் கண்ணுக்குக் கீழே சீவிக்கப்போகிறான். நடந்தது உனக்குத் தெரியும் என்று நீ நினைக்கிறாய். அப்போது நீ ஆறாம் வகுப்பு. உனக்குத் தெரிந்தது பொடியன்மார் உனக்கு வைத்த பட்டம் மட்டும்தான்.

அந்த வருசம் எனக்குத் தொண்டையில் சதை வளர்ந்து குரல் கரகரத்தது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் கொஞ்சக் காலம் வாயே திறக்கக்கூடாது, ரகசியம் பேசுகிற மாதிரிக்கூடப் பேசக்கூடாது, பிறகு குரல் தானாக வரும் என்றார் டொக்டர். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் அதிபர் சேரிடம், இப்போது நீ மாமா என்கிறாயே அவரிடம், எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு, "அதுக்கென்ன டீச்சர், சுகமாகி வாங்க, வகுப்பு எங்க போகப்போகுது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் வீட்டுக்கு வந்தேன். பதினோராம் வகுப்பு, ஓ.எல். சோதனைக்கான ஆங்கில வகுப்பு அது. அந்தப் பிள்ளைகளை ஆறாம் வகுப்பிலிருந்து நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன்.

பிறகு பெற்றோர் கூட்டம் வந்தது. மாகாணத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார், அவருக்குத் தமிழ் தெரியாது. குரல் இன்னும் வரவில்லை, ஆனாலும் பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரைப் பார்க்கவேண்டும் என்று நானும் போய் மூன்றாவது வரிசையில் இருந்தேன். ஒரு தகப்பன் எழும்பி, சோதனை கிட்ட வந்துவிட்டது, ஆங்கில வகுப்பு சும்மா கிடக்கிறதே என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சேர் மைக்கைப் பிடித்தார். அதிகாரிக்கு விளங்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். "திஸ் டீச்சர் இஸ் இன்கேப்பபிள் டு டீச் இங்கிலிஷ்." கையால் என்னைக் காட்டினார். பிறகு தகப்பன்மாருக்கு விளங்கவேண்டும் என்று தமிழிலும் சொன்னார். "இவ இங்கிலிஷ் படிப்பிக்க ஏலாதவ. நான் வேற ஆளப் பாத்து வச்சிரிக்கன்."

நான் எழும்பினேன். சொல்லவேண்டியது எல்லாம் வாய்க்குள் இருந்தது. காற்றுத்தான் வந்தது. மண்டபம் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு பெண் சிரித்தாள், அவளுக்கு என் தொண்டைக் கதை தெரியாது, அவளை நான் குறை சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு திரும்பக் கதிரையில் இருந்துவிட்டேன். பார்த்தவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் சொல்லு. ஆங்கில டீச்சரை ஆங்கிலம் ஏலாதவள் என்று சொல்கிறார்கள், அவள் எழும்பி ஒரு வார்த்தையும் சொல்லாமல் திரும்ப இருக்கிறாள். நான் இருந்தது ஒத்துக்கொண்டது மாதிரி ஆகிவிட்டது. அதிகாரி தலையை ஆட்டினார்.

இதில் ஒன்றை நீ கவனிக்கவேண்டும். நம் பேச்சில் ஏலாது என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடும். காய்ச்சல் வந்து படுத்தாலும் ஏலாது, கை உடைந்து தூக்க முடியாவிட்டாலும் ஏலாது, பிறவியிலேயே ஒன்று வராவிட்டாலும் ஏலாது. ஆங்கிலக்காரன் அதைப் பிரித்து வைத்திருக்கிறான். இன்றைக்கு முடியவில்லை, ஏதோ ஒன்று தடுக்கிறது, தடை போனால் முடியும் என்றால் அன்ஏபிள். அதற்குப் பிறகு டு வரும். அந்த ஆளுக்குள் அந்தத் திறமையே இல்லை என்றால் இன்கேப்பபிள். அதற்குப் பிறகு டு வராது, ஒஃப் வரும், ஒஃப் டீச்சிங் என்று வரவேண்டும். நான் அன்றைக்குப் படிப்பிக்க ஏலாமல் இருந்தவள். அவர் என்னை ஏலாதவள் ஆக்கினார். அதையும் பிழையான ஆங்கிலத்தில் ஆக்கினார்.

அந்த வேறு ஆள் அவருடைய மச்சாள், மனைவியின் தங்கச்சி. தூரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து ஊருக்கு மாற்றம் கேட்டுக்கொண்டிருந்தவர். அடுத்த திங்களே வந்து என் வகுப்பை எடுத்தார். என்னை நூலகத்தில் இருத்தினார்கள். குரல் திரும்பி வந்த பிறகும் வகுப்பு திரும்பி வரவில்லை. நான் கேட்கப் போனபோது, "சபையில எடுத்த முடிவு டீச்சர், நான் ஒரு ஆள் என்ன செய்ய" என்றார். நீ ஒருநாள் சேர்ட் பொத்தான் அறுந்து, உதட்டில் ரத்தத்தோடு வந்தாய். "இன்கேப்பபிள்ட மகன் எண்டுறானுகள் அம்மா, அப்படியெண்டா என்ன?" என்று கேட்டாய். உன் உதட்டைக் கழுவிக்கொண்டே அர்த்தம் சொன்னேன். "நீங்க அப்படியா?" என்று கேட்டாய். அது உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. அந்தக் கேள்வியை உன் வாயில் வைத்தவர் யார் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

உன் அப்பா அப்போது கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல் வட்டையில் அறுவடைக்கு நின்றார். ஆள் அனுப்பி வரச்சொல்லி அழுதேன். "விடுகா. அவன்ட பள்ளிக்கூடம் அது. வேலைய விட்டுப்போட்டு வா, சோறு இரிக்கி" என்றார். நல்ல மனிதர், நமக்குத் தந்த சோற்றில் குறை வைக்காதவர். ஆனால் எனக்கு வேண்டியது சோறு இல்லை.

வேலையை விட்டேன். நம் வளவில் வேலியோரம் தென்னங்கிடுகுக் கொட்டில் போட்டு ஆங்கில வகுப்புத் தொடங்கினேன். குரல் முன்னையதைவிடக் கட்டையாக வந்திருந்தது, ஆம்பிளைக் குரல் மாதிரி. அது நல்லதாய்ப் போயிற்று, கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளை வரைக்கும் கேட்டது. முதலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுடைய நல்ல சோதனை முடிவு வந்த பிறகு களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்தார்கள், வாவிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாலம் கடந்து வந்தார்கள், அவருடைய பள்ளிக்கூடத்து வகுப்புகள் அப்படியே மாலையில் என் கொட்டிலுக்கு வந்தன. ஒவ்வொரு வருசமும் முதல் நாள் முதல் பாடம் ஒன்றுதான். அவருடைய வசனத்தைப் பலகையில் பெரிதாக எழுதுவேன். "இதில என்ன பிழை?" என்று கேட்பேன். பிள்ளைகள் முழிப்பார்கள். டு என்பதை வெட்டி ஒஃப் என்று எழுதுவேன், டீச் என்பதை வெட்டி டீச்சிங் என்று எழுதுவேன். எல்லோரையும் சேர்ந்து சொல்ல வைப்பேன். யாருடைய வசனம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அவருக்குக் காதில் விழுந்தது. பழைய ஆசிரியர் ஒருவரிடம் சொல்லி அனுப்பினார். வந்தவர் கொட்டில் வாசலில் நின்றபடி, "டீச்சர், அந்த வசனத்த விட்டுப்போட்டு வேற ஏதும் எழுதுங்களன். சேருக்குக் கஷ்டமாயிரிக்காம்" என்றார். நான் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். அடுத்த வருசம் இன்னும் பெரிய எழுத்தில் எழுதினேன்.

அவருடைய பிரியாவிடை உனக்கு ஞாபகம் இருக்கும், நீ அப்போது ஏ.எல். படித்தாய். அதே மண்டபம். நானும் வந்திருந்தேன், பழைய ஆசிரியர்கள் எல்லோருக்கும் அழைப்பு. மாலை போட்டார்கள், பாட்டுப் படித்தார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். அவர் தமிழில் நன்றாகத்தான் பேசினார், சனம் அழுதது. கடைசியில் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஆங்கிலத்துக்குத் தாவினார். அந்த நேரத்தில் அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்திருக்கவேண்டும், நாக்கு பழகின பாதையில் போய்விட்டது. "ஐ ஆம் இன்கேப்பபிள் டு எக்ஸ்பிரஸ்..." என்றார். அவ்வளவுதான். மண்டபம் முழுக்க இருந்த பிள்ளைகள், முதல் வரிசையிலிருந்து கதவோரம் வரை, என் கொட்டிலில் இருந்து சொல்லிப் பழகின அதே ராகத்தில், "ஒஃப் எக்ஸ்பிரஸிங், சேர்" என்றார்கள். யாரும் திட்டம் போடவில்லை. தும்மல் மாதிரி வந்தது. உன் குரலும் அதில் இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது, ஆசிரியர்மார் அதட்டியும் நிற்கவில்லை. அவர் மைக்கைப் பிடித்தபடி என்னைத் தேடினார், கண்டுபிடித்தார். நான் தலையைத் திருப்பவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் நல்ல பெரிய இறாலாகப் பார்த்து வாங்கி வந்து பொரித்தேன். இன்றைக்கு என்ன விசேசம் என்று நீ கேட்டாய். ஒன்றும் இல்லை என்றேன். பொய்.

அத்தோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நீ வந்தாறுமூலைக் கம்பஸில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே தர்சினியைக் கண்டு, ஒருநாள் வந்து அவளுடைய தகப்பன் பெயரைச் சொல்லும்வரைக்கும். நான் உன்னை மறிக்கவில்லை. மறித்திருப்பேன். ஆனால் அந்தப் பிள்ளை தனியாக வந்தாள், நீ அறியமாட்டாய். வாசல் படலைக்குள் நின்றபடியே, "பிரியாவிடை அண்டைக்கு நான் ரெண்டாவது வரிசையில இருந்தன் மாமி. அப்பா வீட்ட வந்து சாப்பிடல்ல. ஏன் அப்படிச் செஞ்சீங்க எண்டு கேக்கத்தான் வந்தன்" என்றாள். நான் கூட்டி வந்து இருத்தி, இந்தக் கடிதத்தில் இதுவரை எழுதியதை எல்லாம் சொன்னேன். பிறகு, "சித்தி உங்கட வகுப்புக்குத்தான் வந்தவவா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அவள் முகம் போன விதத்தைப் பார்த்து எனக்கு அவள் மேல் பாசம் வந்தது. அவளுடைய தகப்பன் மேல் இருந்தது அப்படியே இருந்தது.

சம்பந்தம் பேச அவர்கள் வந்த நாளில், நீயும் அப்பாவும் பெரியவர்களோடு முன்னுக்கு இருந்தீர்கள். அவர் எழும்பிக் கொட்டில் பக்கம் வந்தார். நான் அங்கே வாங்குகளை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். பலகையைப் பார்த்தார். அன்றைக்கு அதில் ஒன்றும் இல்லை, துடைத்து வைத்திருந்தேன்.

"டீச்சர், பழைய கதை ஒண்டு. நான் அண்டைக்குச் சொன்ன வசனத்தில பிழை இரிந்ததுதான். பிறகு பாத்தன். இன்கேப்பபிள் ஒஃப் டீச்சிங் எண்டுதான் வரோணும்."

தூக்கின வாங்கை அப்படியே கீழே வைத்தேன் மகன். அந்த மனிதர் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இலக்கணத்தைத் திருத்துகிறார். அவர் மனதில் அவர் செய்த பிழை அந்த டு மட்டும்தான். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருசமாக நான் பலகையில் வெட்டித் திருத்தி, பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டு போன வசனம் என்ன? இந்த டீச்சர் ஆங்கிலம் படிப்பிக்கும் திறமை இல்லாதவர் என்பதுதான். டு போய் ஒஃப் வந்தது, நான் ஏலாதவளாகவே இருந்தேன்.

"ஒஃப் இல்ல சேர்," என்றேன். "அந்தச் சொல்லே பிழை. அன்ஏபிள் எண்டு வந்திருக்கோணும். எனக்குக் குரல் இல்லாமத்தான் இரிந்தது. அது உங்களுக்குத் தெரியும். எழுதிக் காட்டின நான்."

"ரெண்டும் ஏலாது எண்டுதானே டீச்சர்."

"அப்ப அதே மண்டபத்தில, அதே மைக்கில, தமிழில சொல்லுங்க, டீச்சர் ஏலாதவ இல்ல எண்டு. உங்கட மச்சாளுக்கு இடம் வேணும் எண்டுதான் அப்படிச் சொன்ன நான் எண்டும் சொல்லுங்க. சொன்னா என்ட மகன் உங்கட வளவுக்கு வருவான்."

அவர் முகம் கறுத்தது. "எனக்கு ஒரு பொம்புளப் புள்ள இரிக்கி, சபையில என்னக் கேவலப்படுத்தப் பாக்கிறீங்க" என்றார். "எனக்கு அண்டைக்கு ஒரு ஆம்புளப் புள்ள இரிந்தான்" என்றேன். திரும்பி முன்னுக்குப் போய்விட்டார். பேச்சு ஏன் மாதக் கணக்கில் இழுபட்டது என்று நீ தலையைப் பிய்த்துக்கொண்டாயே, காரணம் நான்தான். அதை வெட்கப்பட்டு எழுதவில்லை. கடைசியில் அவரை ஒப்புக்கொள்ள வைத்தது நான் இல்லை, தர்சினி. அப்பா சொல்லாவிட்டால் எனக்குக் கலியாணம் வேண்டாம் என்று தகப்பனின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள். அப்படிப்பட்டவளை நான் உனக்கு வேண்டாம் என்று சொல்வேனா.

போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் அவர் பிரதம விருந்தினர். மைக்கைப் பிடித்தார். டீச்சருக்கு அப்போது சத்திரசிகிச்சை நடந்தது, குரல் இல்லாமல் இருந்தது, நான் அவரை ஏலாதவர் என்று இந்த மேடையில் சொல்லிவிட்டேன், அது தவறு, அவர் இந்தப் பிரதேசத்திலேயே சிறந்த ஆங்கில ஆசிரியை, நான் தலைகுனிகிறேன் என்றார். அழகாகச் சொன்னார். மச்சாளைப் பற்றி ஒரு சொல் இல்லை. வேண்டுமென்றே செய்ததை வாய் தவறிச் செய்ததாக மாற்றிவிட்டார். சனம் எழும்பி நின்று கைதட்டியது. எனக்கு இல்லை, அவருக்கு. எனக்குப் பக்கத்தில் இருந்த மனுசி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன பெரிய மனம்" என்றாள். என்னைக் கேவலப்படுத்தினபோதும் அவர் அதிபர், அதை ஒத்துக்கொண்டபோது அவர் மகான். நீயும் எழும்பிக் கைதட்டினாய். உன்னை நான் கோபிக்கவில்லை. அன்றைக்கு உனக்குப் பாதிக் கதைதான் தெரியும். இப்போது முழுதும் தெரியும்.

கூட்டம் கலைந்த பிறகு மேடைக்குப் பின்னால் அவர் என்னிடம் வந்தார். கழுத்தில் மாலை, கையில் அவர்கள் கொடுத்த நினைவுச் சின்னம்.

"இப்ப மனம் ஆறிச்சா டீச்சர்?"

"இல்ல சேர்."

"இன்னும் என்னத்தச் சொல்ற?"

"உங்களுக்குத் தெரியும்."

"அதெல்லாம் சபையில சொல்ற கதையா டீச்சர். அவ இன்னும் வேலை செய்றா."

"நானும் வேலை செஞ்சுகொண்டுதான் இரிந்தன்."

நான் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்து உன் மோட்டார் சைக்கிளில் ஏறினேன். வழி முழுக்க நீ சந்தோசமாகப் பேசிக்கொண்டு வந்தாய், நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

இதுதான் உன் கேள்விக்குப் பதில். எனக்கு வேண்டியதில் பாதியை அவர் தந்தார், அந்தப் பாதிக்கும் கைதட்டு வாங்கிக்கொண்டார். மற்றப் பாதி கிடைக்கும்வரை என் கோபத்தை நான் வைத்திருப்பேன். மன்னித்தால் மனம் லேசாகும் என்று நீ சொல்வாய். என் மனம் பாரமாக இல்லை மகன். இந்தக் கோபம்தான் என்னைக் கொட்டில் போட வைத்தது, உன்னைக் கம்பஸ் வரைக்கும் படிப்பித்தது. அது என்னிடம் ஒழுங்காகத்தான் இருக்கிறது.

நீ அந்த வளவுக்குப் போ. தர்சினியை நன்றாக வைத்திரு, அவளிடம் ஒன்றையும் மறைக்காதே. தகப்பனுக்கும் உனக்கும் நடுவில் அவளை நிறுத்தாதே, எனக்காக ஒருதரம் நின்றுவிட்டாள், அது போதும். அவர் வயதுக்குரிய மரியாதையைக் கொடு, வருத்தம் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. ஆனால் உன்னைப் பற்றி அவர் நாலு பேருக்கு முன்னால் ஏதும் சொன்னால், வீட்டுக்கு வந்து பேசலாம் என்று பொறுக்காதே. அந்த இடத்திலேயே, அந்த நாலு பேர் கேட்க, பதில் சொல்லு. கடவுள் உனக்கு நல்ல குரலைத் தந்திருக்கிறார். நாளைக்குப் பிள்ளை பிறந்தால் பேச்சு வருகிற வயதில் என்னிடம் கொண்டுவா. ஆங்கிலம் நான்தான் படிப்பிப்பேன், அந்த மச்சாள் சின்னப் பாட்டி இல்லை.

கலியாணத்துக்கு நான் வருவேன். நல்ல சீலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, முன்னுக்கு இருந்து உங்கள் இரண்டு பேருக்கும் மனம் நிறைய அறுகரிசி போட்டு வாழ்த்துவேன். பந்தியில் இருந்து சாப்பிடுவேன். அவருடைய ஆட்கள் என்னைச் சம்பந்தியம்மா என்பார்கள், சிரிப்பேன். அவரை மட்டும் நான் சம்பந்தி என்று கூப்பிடமாட்டேன். சேர் என்றுதான் கூப்பிடுவேன். கலியாண வீட்டில், பிள்ளை பெற்ற வீட்டில், கோயில் வீதியில் கண்டாலும், எத்தனை வருசம் போனாலும், சேர் என்றுதான். மற்றவர்களுக்கு அது மரியாதையாகக் கேட்கும். அவருக்கு என்னவாகக் கேட்கும் என்று அவருக்குத் தெரியும்.

அம்மா